பென் டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிறது, ஃபார்மேட் செய்தும் திரும்ப வருகிறது

தாமிரபரணி_கரை:

அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். இன்டெல் ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன்டிவைரஸ் என்று தனியாக எதுவும் போடவில்லை, விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் மட்டும்.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பிரின்ட் எடுக்க ஒரு ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைக் கொடுத்தோம். வீட்டில் வந்து செருகினால் உள்ளே இருந்த ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட். டபுள் கிளிக் செய்தால் ஃபோல்டர் ஒழுங்காகத் திறக்கிறது, ஃபைலும் இருக்கிறது. பிறகு ஃபார்மேட் செய்தோம். மறுபடி செருகி ஒரு ஃபோல்டரை காப்பி செய்ததும் அதுவும் ஷார்ட்கட் ஆகிவிட்டது. இப்போது குடும்ப போட்டோ இருக்கும் இன்னொரு 16 ஜிபி பென் டிரைவும் அதே கதி. அதற்கு வேறு காப்பி கிடையாது.

போட்டோ போனது போனதுதானா? ஃபார்மேட் செய்தும் எப்படித் திரும்ப வருகிறது? காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கினால் சரியாகுமா? பக்கத்தில் பிரின்ட் எடுக்க அந்தக் கடையை விட்டால் வேறு இல்லை, அதற்கு என்ன வழி?

பழைய_மதர்போர்டு:

போட்டோ பத்திரமாகத்தான் இருக்கும். பென் டிரைவ் ஐகானில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். கண்ணுக்குத் தெரிவது நாலைந்து ஷார்ட்கட், ஆனால் யூஸ்டு ஸ்பேஸ் பல ஜிபி காட்டுகிறது என்றால் அது உங்கள் போட்டோதான். வைரஸ் அதை அழிக்கவில்லை, மறைத்திருக்கிறது. அவசரப்பட்டு இந்த பென் டிரைவையும் ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். இப்போதைக்குக் கழற்றி வைத்துவிடுங்கள்.

இது வேலை செய்யும் விதம்: அசல் ஃபோல்டர்களுக்கு ஹிடன், சிஸ்டம் என்ற இரண்டு அடையாளத்தையும் போட்டு மறைக்கும். அதே பெயரில், அதே மஞ்சள் ஃபோல்டர் படத்தோடு ஒரு ஷார்ட்கட்டை வைக்கும். ஷார்ட்கட்டில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டார்கெட் என்ற கட்டத்தைப் படித்தால் விஷயம் புரியும். ஃபோல்டரின் முகவரி அங்கே இருக்காது. விண்டோஸோடு வரும் சிஎம்டியை அல்லது ஸ்கிரிப்ட் ஓட்டும் ப்ரோக்ராமான டபிள்யூஸ்கிரிப்டைக் கூப்பிட்டு, பென் டிரைவில் ஒளிந்திருக்கும் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டச் சொல்லி, அதன் பிறகு எக்ஸ்ப்ளோரரை அழைத்து அசல் ஃபோல்டரைத் திறக்கச் சொல்லும் கட்டளை இருக்கும். நீங்கள் கேட்ட ஃபோல்டர் திறந்துவிடுவதால் சந்தேகமே வராது. அந்தக் கட்டம் சுமார் 260 எழுத்துக்கு மேல் காட்டாது, அதனால் முன்னால் வெறும் இடைவெளியாக நிரப்பி மிச்சத்தை மறைப்பவர்களும் உண்டு. காலியாகத் தெரிகிறதே என்று நம்ப வேண்டாம்.

ஃபார்மேட் செய்தும் வருவதற்குக் காரணம், நோய் இப்போது பென் டிரைவில் இல்லை, கம்ப்யூட்டரில் இருக்கிறது. முதல் டபுள் கிளிக்கிலேயே ஸ்கிரிப்ட் தன்னை சி டிரைவில் காப்பி செய்துகொண்டு, ஒவ்வொரு முறை விண்டோஸ் தொடங்கும்போதும் எழுந்துகொள்ள ஏற்பாடு செய்துவிடும். பிறகு சில வினாடிக்கு ஒருமுறை புது டிரைவ் செருகப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். அதனால் முதலில் கம்ப்யூட்டர், பிறகுதான் பென் டிரைவ். இந்த வரிசை மாறினால் எத்தனை தடவை துடைத்தாலும் பலனில்லை.

கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியது. நெட்டைத் துண்டியுங்கள், எல்லா பென் டிரைவையும் கழற்றுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். டீடெய்ல்ஸ் டேபுக்குப் போய், மேலே காலம் (column) தலைப்பில் ரைட் கிளிக் செய்து, செலக்ட் காலம்ஸ், அதில் கமாண்ட் லைன் என்பதை டிக் செய்யுங்கள். இப்போது டபிள்யூஸ்கிரிப்ட் என்ற பெயரில் ஏதாவது ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் எந்த ஃபைலை ஓட்டுகிறது என்று பக்கத்துக் காலத்தில் முழு முகவரியும் இருக்கும். ஆப்டேட்டாவுக்குள் ரோமிங், அல்லது டெம்ப், அல்லது ப்ரோக்ராம்டேட்டா, பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. முகவரியைத் தாளில் எழுதிக்கொண்ட பிறகு எண்ட் டாஸ்க். முதலில் எண்ட் டாஸ்க் கொடுத்துவிட்டால் முகவரி போய்விடும், அப்புறம் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்து அந்த ஃபைலை அழியுங்கள். பிறகு அது எழுந்திருக்கும் வழியை அடைத்துவிடுங்கள்: டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் டேப், விண்டோஸ் கீயும் ஆர் கீயும் அழுத்தி ஷெல் கோலன் ஸ்டார்ட்அப் என்று அடித்தால் வரும் ஃபோல்டர், டாஸ்க் ஷெட்யூலர் லைப்ரரி. மூன்றையும் பாருங்கள். கடைசியாக நெட்டை இணைத்து, டிஃபெண்டரை அப்டேட் செய்து, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஃபுல் ஸ்கேன். ஹார்ட் டிஸ்க் என்பதால் சில மணி நேரம் பிடிக்கும். அதன்பின் அதே பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். இது கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன் தேடும், கால் மணி நேரம் ஆகும். செய்துகொண்டிருக்கும் வேலையை முதலில் சேவ் செய்யுங்கள்.

கறுப்புத்திரை:

மேலே சொன்னதோடு ஒன்று. மூன்று இடத்தையும் தனித்தனியாகத் தேடுவதைவிட மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இருக்கும் ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி எளிது. விண்டோஸோடு சேர்ந்து எழும் அத்தனையையும் ஒரே பட்டியலில் காட்டும், இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம். லாக்ஆன், ஷெட்யூல்டு டாஸ்க்ஸ் இரண்டு டேப் உங்களுக்குப் போதும். மைக்ரோசாஃப்ட் ஃபைல்களைப் பட்டியலில் மறைக்கும் வசதி ஒன்று உண்டு. இந்த வேலைக்கு அதைப் போடாதீர்கள். டபிள்யூஸ்கிரிப்ட் மைக்ரோசாஃப்டே கையெழுத்திட்ட ஃபைல்தான், அதன் கையில் கொடுக்கப்பட்ட ஸ்கிரிப்ட்தான் கெட்டது. எனவே ஃபைல் பெயரைப் பார்க்காமல் முழு கட்டளையையும் படியுங்கள். சந்தேகமான வரியின் டிக்கை எடுங்கள், உடனே டெலிட் செய்ய வேண்டாம். டிக் எடுத்தது தவறென்றால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி ஒன்று: இந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் போட்டது யார், அசல் லைசென்ஸா? விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன், அதில் மேனேஜ் செட்டிங்ஸ், பக்கத்தின் அடி வரை உருட்டினால் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று இருக்கும். உள்ளே என்ன பட்டியல் இருக்கிறது என்று எழுதுங்கள். சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரில் அது காலியாக இருக்க வேண்டும்.

தாமிரபரணி_கரை:

டபிள்யூஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. ரோமிங் ஃபோல்டருக்குள் எண்ணும் எழுத்துமாக ஒரு பெயர். நிறுத்தி, அழித்து, ஸ்டார்ட்அப்பிலும் எடுத்துவிட்டேன். ரீஸ்டார்ட் செய்தால் வேறொரு பெயரில் அதே இடத்தில் இருக்கிறது. ஃபுல் ஸ்கேன் முடிந்து ஒன்றுமில்லை என்கிறது.

எக்ஸ்க்ளூஷன்ஸில் இரண்டு வரி. ஒன்று கேஎம்எஸ் என்று தொடங்கும் ஃபோல்டர். இன்னொன்று சி கோலன் பேக்ஸ்லாஷ், அவ்வளவுதான். டிஃபெண்டர் பக்கத்தின் மேலே சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரியும் வருகிறது. விண்டோஸ் போட்டது கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து கொடுத்தவர்.

கறுப்புத்திரை:

ஃபுல் ஸ்கேன் ஏன் ஒன்றுமில்லை என்றது என்று இப்போது தெரிகிறதா? இரண்டாவது வரிக்கு அர்த்தம், சி டிரைவ் முழுவதையும் பார்க்காதே என்பது. வாசலில் வாட்ச்மேனை நிறுத்திவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொன்ன மாதிரி. டிஃபெண்டர் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது. பெரும்பாலும் இது வைரஸ் செய்த வேலைகூட அல்ல. திருட்டு ஆக்டிவேஷன் கருவியை (முதல் வரியில் உள்ள கேஎம்எஸ் அநேகமாக அதுதான்) டிஃபெண்டர் பிடித்துவிடும் என்பதால், போட்டவர் முதலில் டிஃபெண்டரைக் கட்டிப்போட்டுவிட்டுத்தான் அதை ஓட்டுவார். கட்டை அவிழ்க்காமல் போய்விடுவார். நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற வரி வீட்டுக் கம்ப்யூட்டரில் வருவதும் அநேகமாக அதே கைங்கரியம்தான், விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் பாலிசி எழுதி வைத்திருக்கிறார்கள்.

எக்ஸ்க்ளூஷன் இரண்டையும் நீக்கிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்தால் நிறையப் பிடிபடும். ஆனால் என் அபிப்பிராயம், இந்த விண்டோஸைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டாம். எத்தனை நாளாகக் காவல் இல்லாமல் கிடந்தது, அதற்குள் வேறு என்னென்ன குடியேறியது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அழித்த ஸ்கிரிப்ட் வேறு பெயரில் திரும்ப வருகிறது என்றால், அதைத் திரும்ப எழுதி வைக்கும் இன்னொன்று உள்ளே இருக்கிறது. புதிதாக இன்ஸ்டால் செய்துவிடுங்கள்.

இன்ஸ்டால் பென் டிரைவை இந்தக் கம்ப்யூட்டரில் தயாரிக்கக் கூடாது. சுத்தமான வேறொரு கம்ப்யூட்டரில், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா க்ரியேஷன் டூலை இறக்கி, குறைந்தது 8 ஜிபி உள்ள பென் டிரைவில் எழுதுங்கள். அதில் இருப்பது எல்லாம் அழியும். டி டிரைவ் தனியாக இருந்தால், சி டிரைவில் உள்ள உங்கள் டாக்குமென்ட், படம், வீடியோ இவற்றை மட்டும் அங்கே மாற்றுங்கள். செட்டப் ஃபைல், ஜிப் ஃபைல், க்ராக் எதையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இன்ஸ்டால் செய்யும்போது கஸ்டம் என்பதைத் தேர்ந்து, பழைய சி பார்ட்டிஷனையும் அதோடு ஒட்டிய சில நூறு எம்பி பார்ட்டிஷனையும் டெலிட் செய்து, காலியான இடத்தில் போடுங்கள். அந்தத் திரையில் சி, டி என்ற எழுத்து தெரியாது, அளவு மட்டும்தான் தெரியும். அதனால் டி டிரைவின் அளவை முன்னாடியே குறித்து வையுங்கள். தவறான வரியை டெலிட் செய்து மொத்தத்தையும் இழப்பது இங்கேதான் நடக்கும்.

எழும்பியதும் டி டிரைவைத் திறக்காதீர்கள். டிஃபெண்டரை அப்டேட் செய்து, டி டிரைவைக் கஸ்டம் ஸ்கேன் செய்த பிறகே உள்ளே போங்கள்.

பாஸ்வேர்ட் விஷயம்: இந்தக் கம்ப்யூட்டரில் லாகின் செய்த மெயில், பேங்க், ஃபேஸ்புக் எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் போனிலிருந்து மாற்றுங்கள், இந்த மெஷினிலிருந்து அல்ல. மாற்றியதோடு எல்லா டிவைஸிலிருந்தும் சைன் அவுட் என்பதையும் கொடுங்கள். பிரவுசரில் இருக்கும் குக்கியைத் திருடிக்கொண்டு போயிருந்தால் பாஸ்வேர்டும் ஓடிபியும் கேட்காமலே உள்ளே நுழைய முடியும், சைன் அவுட் கொடுத்தால்தான் அது செல்லாமல் போகும். பணம் ஏதாவது போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள்.

ஊசிமுனை:

விண்டோஸ் மறுபடி போடுவதற்கு முன் எந்த விண்டோஸ் என்று யோசியுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. நான்காம் தலைமுறை ஐ3இல் விண்டோஸ் 11ஐ மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொள்ளாது, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதியும் கேட்கும். வீட்டு உபயோகத்துக்கு நீட்டிப்புத் திட்டம் ஒன்று அறிவித்தார்கள், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு சிங்க் செய்தால் கட்டணம் இல்லை, இல்லாவிட்டால் 30 டாலர். டிஃபெண்டரின் வைரஸ் அடையாளப் பட்டியல் 2028 அக்டோபர் வரையாவது விண்டோஸ் 10க்கு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதை வைத்துத் திருப்தி அடையக் கூடாது. பட்டியல் வருவது வேறு, விண்டோஸின் ஓட்டையை அடைப்பது வேறு. 2017 மே மாதம் ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியபோது, அந்த ஓட்டைக்கான அப்டேட் மார்ச் மாதமே வந்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியிருக்கவில்லை.

பிரவுசர், மெயில், ஆபீஸ் வேலை, படம் பார்ப்பது இவ்வளவுதான் என்றால் விண்டோஸுக்குப் பதில் இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போடுங்கள். 4 ஜிபி ரேமில் ஓடும், 2029 வரை அப்டேட் உண்டு, லைசென்ஸ் தலைவலி கிடையாது, தமிழ்99இல் தட்டச்சு செய்யலாம். இந்த ஷார்ட்கட் வைரஸ் அதில் வெறும் குப்பை ஃபைல். டேலி மாதிரி விண்டோஸ் சாஃப்ட்வேர் ஏதாவது கட்டாயம் என்றால் மட்டும் விண்டோஸ். எதைப் போட்டாலும் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று மாட்டுங்கள், அந்த மெஷினுக்கு அதைவிடப் பலன் தரும் செலவு இல்லை.

காசு கொடுத்து ஆன்டிவைரஸ்: உங்கள் பிரச்சினைக்கு அது மருந்தல்ல. டிஃபெண்டர் சரியில்லாததால் நீங்கள் மாட்டவில்லை, டிஃபெண்டரை அணைத்து வைத்ததால் மாட்டினீர்கள். ஏவி டெஸ்ட் மாதிரியான சோதனைகளில் டிஃபெண்டர் நல்ல மதிப்பெண் வாங்குகிறது. வேறு கம்பெனியுடையதுதான் வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள், கே7 நம்ம சென்னைக் கம்பெனிதான். ஆனால் ஒன்றுதான் இருக்க வேண்டும். அதைப் போட்டதும் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். அதற்கு மேல் இன்னொன்றையும் போட்டால் இரண்டும் ஒரே ஃபைலைத் திறந்து ஒன்றையொன்று சந்தேகப்பட்டு 4 ஜிபி மெஷினை உட்கார வைத்துவிடும். ஓராண்டு முடிந்து புதுப்பிக்காமல் விட்டால் அப்டேட் நின்றுபோகும். காலாவதியான ஆன்டிவைரஸை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு டிஃபெண்டர் மறுபடி ஆன் ஆகிறதா என்று பார்ப்பது நல்லது. இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் இருக்கிறது, இறக்கிய 10 நாளில் காலாவதியாகும், தேவைப்படும்போது புதிதாக இறக்க வேண்டும். நம் அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன்னின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்திலும் இலவச நீக்கும் கருவிகள் உண்டு.

பழைய_மதர்போர்டு:

போட்டோ பென் டிரைவுக்கு வருகிறேன். புது விண்டோஸ் போட்ட பிறகும் அதை நேரே அங்கே செருக வேண்டாம், ஆண்ட்ராய்டு போன் இருந்தால் ஓடிஜி கேபிளில் செருகுங்கள். ஆண்ட்ராய்டில் ஷார்ட்கட்டும் ஓடாது, ஸ்கிரிப்டும் ஓடாது. விண்டோஸின் ஹிடன் அடையாளத்தையும் அது மதிக்காது, அதனால் மறைந்திருக்கும் ஃபோல்டர் எல்லாம் ஃபைல் மேனேஜரில் பளிச்சென்று தெரியும். பெயரே இல்லாத மாதிரி ஒரு ஃபோல்டர் இருந்தால் அதையும் திறந்து பாருங்கள், சில ரகங்கள் எல்லாவற்றையும் கண்ணுக்குத் தெரியாத ஒற்றை எழுத்தைப் பெயராக வைத்த ஃபோல்டருக்குள் தள்ளிவிடும். போட்டோக்களை போனுக்கு காப்பி செய்யுங்கள். பென் டிரைவின் ஃபார்மேட் என்டிஎஃப்எஸ் ஆக இருந்தால் பல போன்கள் படிக்காது. அப்போது லினக்ஸ் மின்ட்டை லைவாக, அதாவது இன்ஸ்டால் செய்யாமல் இன்னொரு பென் டிரைவிலிருந்தே பூட் செய்து அதே வேலையைச் செய்யலாம்.

விண்டோஸிலேயே மீட்க வேண்டிய நிலை வந்தால்: ஃபோல்டர் ப்ராப்பர்ட்டீஸில் ஹிடன் டிக்கை எடுக்கப் பார்ப்பீர்கள், அது சாம்பல் நிறத்தில் தொட முடியாமல் இருக்கும். சிஸ்டம் அடையாளமும் சேர்ந்திருப்பதால்தான் அப்படி. கமாண்ட் ப்ராம்ப்டில்தான் எடுக்க வேண்டும். போனில் சொல்வது போல எழுதுகிறேன், ஆங்கிலத்தில் அடியுங்கள்: ஏ டி டி ஆர் ஐ பி (attrib), இடைவெளி, மைனஸ் எச், இடைவெளி, மைனஸ் எஸ், இடைவெளி, மைனஸ் ஆர், இடைவெளி, ஸ்லாஷ் எஸ், இடைவெளி, ஸ்லாஷ் டி (d), இடைவெளி, பென் டிரைவின் எழுத்து, கோலன், பேக்ஸ்லாஷ், ஸ்டார். ஸ்லாஷ் டியை விட்டுவிட்டால் ஃபைல் மட்டும் வெளியே வரும், ஃபோல்டர் மறைந்தே இருக்கும். பலரும் கட்டளை வேலை செய்யவில்லை என்று சொல்வது இதனால்தான். டிரைவ் எழுத்தை மாற்றி சி என்று அடித்துவிடாதீர்கள்.

காப்பி முடிந்ததும் பென் டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள், க்விக் ஃபார்மேட் போதும். போட்டோவை இனியும் பென் டிரைவில் மட்டும் வைக்க வேண்டாம். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியில் மெயில் போக மிச்சம் இருக்கும் இடத்துக்கு ஏற்றுங்கள், கூடவே ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்கில் இன்னொரு காப்பி. காப்பி எடுத்ததும் அதைக் கழற்றி பீரோவில் வைக்க வேண்டும். செருகியே வைத்திருந்தால், ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும். ஸ்டாப் அல்லது டிஜேவியு என்ற ரகம் க்ராக் சாஃப்ட்வேர் வழியாகத்தான் பரவியது. 980 டாலர் கேட்டு, 72 மணி நேரத்துக்குள் தந்தால் 490 என்று தள்ளுபடி வேறு எழுதி வைக்கும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் ப்ரொடெக்‌ஷனுக்குள் கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் என்று ஒன்று உண்டு, அதை ஆன் செய்தால் தெரியாத ப்ரோக்ராம் எதுவும் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டரில் கை வைக்க முடியாது. சில கேம்கள் சேவ் ஆகாமல் முரண்டு பிடிக்கும். அதை மட்டும் அனுமதித்துவிடலாம்.

எஃப்8:

ஸ்கிரிப்ட் ஓடுறதையே நிறுத்திடலாமே, ஏன் இவ்ளோ சுத்தணும்? வீட்டு கம்ப்யூட்டர்ல டபிள்யூஸ்கிரிப்ட்டுக்கு வேலையே இல்ல. ரெஜிஸ்ட்ரி எடிட்டர்ல லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட், செட்டிங்ஸ் வரைக்கும் போங்க. அங்க எனேபிள்டுங்கிற பேர்ல ஒரு டி-வேர்ட் 32 பிட் உருவாக்கி மதிப்பை 0ன்னு வைங்க. அதுக்கப்புறம் விபி ஸ்கிரிப்ட், ஜே ஸ்கிரிப்ட் ரெண்டும் இந்த வழியா ஓடாது, ஓட்டப் பார்த்தா முடக்கப்பட்டிருக்குன்னு மெசேஜ் மட்டும் வரும். ஏதாவது பழைய பிரின்டர் இன்ஸ்டாலர் மக்கர் பண்ணா 1ன்னு மாத்தி, வேலை முடிஞ்சதும் திரும்ப 0. டபுள் கிளிக் பண்ணா நோட்பேட்ல திறக்கிற மாதிரி மாத்தி வைக்கிறாங்க சில பேர். அது மெயில்ல வர்ற ஸ்கிரிப்ட்டுக்கு சரி, இங்க உதவாது. ஷார்ட்கட் நேரா டபிள்யூஸ்கிரிப்டைப் பேர் சொல்லிக் கூப்பிடுது, நோட்பேட் பக்கமே போகாது.

இன்னொண்ணு, பென் டிரைவுக்குள்ள ஆட்டோரன் டாட் ஐஎன்எஃப்னு ஒரு ஃபோல்டர் உருவாக்கி வச்சா வைரஸ் வராதுன்னு இன்னும் வாட்ஸாப்ல சுத்துது. அது எக்ஸ்பி காலத்து வைத்தியம். பென் டிரைவ் செருகினதும் தானா ஓடுறதை விண்டோஸ் 7லயே எடுத்துட்டாங்க, 2011 அப்டேட்ல எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் எடுத்தாங்க. அதனாலதான் இப்ப உங்க கையாலயே கிளிக் பண்ண வைக்கிற ஷார்ட்கட் வந்துச்சு.

கறுப்புத்திரை:

எஃப்8 சொன்னது நல்ல தடுப்பு, ஆனால் முழுத் தடுப்பு இல்லை. ராஸ்பெரி ராபின் மாதிரியான வைரஸ் ரகங்கள் பென் டிரைவில் பரவும்போது டபிள்யூஸ்கிரிப்டைத் தொடுவதில்லை, ஷார்ட்கட்டிலிருந்து விண்டோஸின் இன்ஸ்டாலரான எம்எஸ்ஐஎக்ஸெக்கைக் கூப்பிட்டு நெட்டிலிருந்து இறக்கும். விண்டோஸ் ப்ரோவில் பென் டிரைவிலிருந்து ப்ரோக்ராம் ஓடுவதைத் தடுக்கும் பாலிசி இருக்கிறது, அதுவும் அப்படியே: இஎக்ஸ்இயை நிறுத்தும், ஆனால் சி டிரைவில் இருக்கும் டபிள்யூஸ்கிரிப்ட் பென் டிரைவில் உள்ள ஸ்கிரிப்டைப் படித்து ஓட்டுவதை அது கவனிக்காது.

எனவே கண்தான் முதல் காவல். எக்ஸ்ப்ளோரரில் வியூ போய் டீடெய்ல்ஸ் தேர்ந்தெடுங்கள். டைப், சைஸ் என்ற இரண்டு காலமும் தெரியட்டும். அசல் ஃபோல்டருக்கு டைப்பில் ஃபைல் ஃபோல்டர் என்று இருக்கும், சைஸ் காலம் காலியாக இருக்கும். ஒரு ஃபோல்டருக்கு நேரே 2 கேபி என்று எழுதியிருந்தால் அது ஃபோல்டர் இல்லை, தொடாதீர்கள். ஃபைல் எக்ஸ்டென்ஷனைக் காட்டும்படி வைத்தால் போதும் என்று சொல்வார்கள். அதையும் செய்யுங்கள், ரிப்போர்ட் டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ மாதிரி ஏமாற்று வேலைகளை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் ஷார்ட்கட்டின் எக்ஸ்டென்ஷனான எல்என்கேயை விண்டோஸ் அப்போதும் காட்டாது. டைப் காலம்தான் அதைக் காட்டும்.

தினசரி வேலைக்கு அட்மின் இல்லாத ஸ்டாண்டர்ட் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த வைரஸ் ஓடுவதற்கு அட்மின் உரிமை தேவையில்லை என்பதால் அது உள்ளே வருவதைத் தடுக்காது. ஆனால் எக்ஸ்க்ளூஷன் சேர்ப்பது, டிஃபெண்டரை அணைப்பது மாதிரி வேலைகளுக்கு அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும்.

ஊசிமுனை:

ஜெராக்ஸ் கடை பற்றி யாரும் சொல்லவில்லை. பேஜ்மேக்கரும் பழைய தமிழ் எழுத்துருக்களும் ஓட வேண்டுமே என்று பல டிடிபி கடைகளில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறது, அதற்கு ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது. ஒரு நாளைக்கு எத்தனையோ பேரின் பென் டிரைவ் அங்கே செருகப்படுகிறது. அந்த மெஷின் சுத்தமாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, கடைக்காரரைக் குறை சொல்லியும் பயனில்லை.

பென் டிரைவ் கொடுக்காமல் முடிப்பதே மேல். பிடிஎஃப் ஆக்கி கடையின் மெயிலுக்கு அனுப்புங்கள். உங்கள் ஜிமெயிலை அந்தக் கம்ப்யூட்டரில் திறக்காதீர்கள், அங்கே பாஸ்வேர்ட் அடிப்பது பென் டிரைவ் கொடுப்பதைவிட ஆபத்து. ஆதார் பிரின்ட் என்றால் கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை அனுப்புங்கள், ஏனென்றால் அந்த ஃபைல் கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில்தான் கிடக்கும்.

கட்டாயம் கையில் கொண்டுபோக வேண்டும் என்றால் பூட்டு உள்ள பெரிய சைஸ் எஸ்டி கார்டும் ரீடரும் வாங்குங்கள். பக்கவாட்டில் இருக்கும் சின்ன நழுவியை லாக் பக்கம் தள்ளினால் எழுத முடியாது. ஆனால் அந்தப் பூட்டைக் கவனிப்பது கார்டு அல்ல, ரீடர். மலிவு ரீடர்கள் சில அதைக் கண்டுகொள்ளாது. வீட்டிலேயே லாக் போட்டு ஒரு ஃபைலை காப்பி செய்து பாருங்கள். ரைட் ப்ரொடெக்டட் என்று வந்தால் சரி, காப்பி ஆகிவிட்டால் அந்த ரீடரால் பயனில்லை. இல்லையென்றால் பிரின்டுக்கு என்றே சின்னதாக ஒரு பென் டிரைவ். அதில் பிரின்ட் எடுக்க வேண்டிய பிடிஎஃப் மட்டும், வேறு ஃபைல் கூடாது. திரும்பி வந்ததும் போனில் செருகி எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்.

தாமிரபரணி_கரை:

போனில் செருகியதும் போட்டோ எல்லாம் தெரிந்தது, காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது. ஷார்ட்கட், ஸ்கிரிப்ட் தவிர சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்று ஒரு ஃபோல்டரும் இருக்கிறது. அதுவும் வைரஸா? புது விண்டோஸ் போட்ட பிறகு சுத்தமாகிவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?

பழைய_மதர்போர்டு:

அது விண்டோஸ் தானே உருவாக்குவது. உள்ளே டபிள்யூபிசெட்டிங்ஸ், இண்டெக்ஸர்வால்யூம்ஜியுஐடி என்று இரண்டு சின்ன ஃபைல் இருக்கும், அழித்தாலும் அடுத்த முறை செருகும்போது திரும்ப வரும்.

சோதனைக்கு, ஃபார்மேட் செய்த காலி பென் டிரைவில் ஒரு ஃபோல்டரும் அதற்குள் ஒரு டெக்ஸ்ட் ஃபைலும் போட்டு, கம்ப்யூட்டரில் ஐந்து நிமிடம் செருகி வையுங்கள். திறக்க வேண்டாம். எஜெக்ட் செய்து போனில் செருகிப் பாருங்கள். உங்கள் ஃபோல்டரும் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷனும் மட்டும் இருந்தால் இந்த வைரஸ் அங்கே இல்லை. ஷார்ட்கட் ஒன்று முளைத்திருந்தால் டி டிரைவிலிருந்து எதையோ திறந்திருக்கிறீர்கள். ஆட்டோரன்ஸ் பட்டியலை எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்.